செஞ்சி மலையடியில் நான் பார்த்த கூடார இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து கோணலாக வரும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்வேன். ஊர்ப் பெயர்களில் பாதி மறந்துபோய்விட்டது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்கள், "கேம்ப் போன கதையைச் சொல்லுங்க ஆயாம்மா" என்று விடாமல் கேட்டார்கள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

1. அண்டாவும் கேம்ப்பும்

அப்போது இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பிக்கவில்லை. திண்டிவனத்தில் பெண்களுக்கென்று இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் எனக்குத் துணி அவிக்கிற வேலை. பிரசவ வார்டுத் துணிகளைப் பெரிய அண்டாவில் போட்டு, சலவைச் சோடா கொட்டி, கழியால் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். ஆவியில் முகம் வெந்துபோகும். வீட்டுக்கு வந்தாலும் சோற்றில் சோடா வாசனை அடிக்கும்.

தை பிறந்ததும் டாக்டரம்மா கேம்ப் கிளம்புவார். மெட்ராஸில் படித்தவர். சின்ன உருவம், நடை மட்டும் குதிரை மாதிரி. இரண்டு மாட்டு வண்டிகள் போகும். ஒன்றில் டெண்ட், கட்டில், பெட்ரோமாக்ஸ் லைட். இன்னொன்றில் மருந்துப் பெட்டிகளும் சமையல் சாமானும். ஒரு வருஷம் விழுப்புரம் பக்கம், ஒரு வருஷம் செஞ்சி பக்கம். ஓர் ஊரில் டெண்ட் அடித்தால் சுற்றுப்பட்டுப் பெண்கள் அங்கே வந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம்.

முன்னால் போய் இடம் பார்த்து வைப்பது சமையல்கார ஆசீர்வாதம் அண்ணனின் பொறுப்பு. அவர் பார்க்கிற இடம் நன்றாகத்தான் இருக்கும். நிழல் இருக்கும், தண்ணீர் இருக்கும். கூப்பிடு தூரத்தில் ஒரு கள்ளுக்கடையும் இருக்கும்.

டாக்டரம்மாவுக்கு இது பிடிபட இரண்டு வருஷம் ஆனது. ஒருநாள் கேட்டார்:

"ஏன் ஆசீர்வாதம், எந்த ஊருக்குப் போனாலும் கள்ளுக்கடை நம்ம பின்னாடியே வருதே, எப்படி?"

"அது எங்கங்க வருது? நாமதானே அதும் பக்கத்துல போறோம்" என்று சொல்லிவிட்டு அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கள்ளுக்கடைப் பக்கம் எந்தப் பெண் வருவாள்? வந்தவர்களெல்லாம் காலில் முள் குத்திய ஆண்பிள்ளைகள். ஆஸ்பத்திரியை நடத்துகிற பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இந்த வருஷமும் பெண்கள் வரவில்லை என்றால் கேம்ப்பை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று. டாக்டரம்மா நேராக அண்டாவுக்கு வந்தார்.

"ஞானம், நீ ஒரு பொம்பளை. பொம்பளைங்க எந்த இடத்துக்கு வருவாங்கன்னு நீ பாரு. அவங்க வந்தா கேம்ப் வேலை இனிமே உனக்கு. வரலேன்னா கேம்ப்பும் கிடையாது, நீயும் இந்த அண்டாகிட்டயே நிக்க வேண்டியதுதான்."

நான் தலையை ஆட்டினேன். அவர் போன பிறகுதான் "சரிங்கம்மா" என்று எனக்குச் சத்தம் வந்தது.

2. பன்றிகளுக்கு என்ன வேலை

செஞ்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஊர். பெயர் நினைவில்லை. உருட்டிவிட்ட பாறைகளாக ஒரு மலை, அதன் அடியில் வீடுகள். சாமான்களோடு நானும் ஆசீர்வாதம் அண்ணனும் முதல் வண்டியில் மத்தியானமே போய்விட்டோம். டாக்டரம்மா பின் வண்டியில் வந்துகொண்டிருந்தார்.

முறை என்னவென்றால், ஊர் மணியக்காரரைப் பார்த்து இடம் கேட்க வேண்டும், அவர் காட்டுகிற இடத்தில் முளை அடிக்க வேண்டும். நான் மணியக்காரர் வீட்டுத் தெருமுனை வரை போனேன். வாசலில் ஏழெட்டு ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டேன்.

யாரையும் கேட்காமல் நானே தேடினேன். ஊருக்கு மேற்கே மலையை ஒட்டி ஓர் ஒற்றையடிப் பாதை போனது. பார்த்தேன், காலடி எல்லாம் சின்னச் சின்னது, ஒன்றுகூட ஆண்பிள்ளைக் காலடி இல்லை. பாதையில் உடைந்த வளையல் துண்டு கிடந்தது, காய்ந்த கனகாம்பரம் கிடந்தது. ஒரு பீடித் துண்டு கிடையாது. பாதை முடிகிற இடத்தில் பாறைகளுக்கு நடுவே சுத்தமான செம்மண் திட்டு, சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் காரைச் செடியும் ஆவாரையும் வேலி கட்டியது போல. பெண்கள் தினமும் வந்துபோகிற இடம், ஆண்கள் எட்டிப் பார்க்காத இடம். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்கவா ஆசீர்வாதம் அண்ணனுக்கு இத்தனை வருஷம்?

அண்ணன் வந்து சுற்றிப் பார்த்தார். மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"ஏன் தங்கச்சி, இங்க எதுக்கு இத்தினி பன்னி மேஞ்சிக்கினு இருக்குது?"

"கோரைக் கிழங்கு தோண்டித் தின்னுதுங்க போலண்ணே."

"ஆமாமா. கெழங்குதான். நல்ல கெழங்கு" என்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு வண்டிக்காரரோடு சேர்ந்து மளமளவென்று டெண்டை அடித்துக் கொடுத்தார். அவர் அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. அடித்து முடித்ததும், "மாட்டுக்கு இங்க கொசுத்தொல்லை தங்கச்சி" என்று வண்டியை ரோட்டோரம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சமையலும் அங்கேதானாம்.

நீங்கள் கேட்பீர்கள், உனக்குக்கூடவா தெரியவில்லை என்று. நான் பிறந்து வளர்ந்தது ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குள். அங்கே தட்டி கட்டின கக்கூஸ் உண்டு. கிராமத்துப் பெண்கள் காலையில் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

3. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம்

டாக்டரம்மா வந்து இடத்தைப் பார்த்ததும், "அட, காத்தோட்டமா இருக்கே" என்றார். அவரும் மெட்ராஸ்தானே, அவருக்கு மட்டும் என்ன தெரியும்?

பொழுது சாய்ந்தது. பாதையில் இரண்டு மூன்று பேராகப் பெண்கள் வந்தார்கள். டெண்டைப் பார்த்து நின்றார்கள். கிசுகிசு என்று பேசிக்கொண்டார்கள், திரும்பிப் போனார்கள். பின்னாலேயே இன்னும் கொஞ்சம் பேர்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பாத்தீங்களாம்மா? வந்து வந்து பாத்துட்டுப் போறாங்க. கூச்சப்படறாங்க."

"இருட்டுல வர பயப்படறாங்க போலிருக்கு. பெட்ரோமாக்ஸை ஏத்திப் பாறை மேல வை" என்றார் டாக்டரம்மா.

ஏற்றி வைத்தேன். செடிக்குச் செடி வெளிச்சம் பட்டது. பகல் மாதிரி ஆனது. புதருக்குள்ளிருந்து, "ஐயோ என்னெப் பெத்தவளே!" என்று ஒரு குரல். ஐந்தாறு பேர் சேலையைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். பன்றிகளும் ஓடின.

"ஏன் ஓடறாங்க?" என்றார் டாக்டரம்மா.

"வெளிச்சம் புதுசு இல்லீங்களா" என்றேன்.

4. வெளுக்கும் முன்

விடியலில் பேச்சுச் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். டெண்டுக் கித்தானை விலக்கினால் ஊர்ப் பெண்கள் மொத்தமும் நிற்கிறார்கள். முன்னால் நின்றவளைப் பச்சையம்மா என்று கூப்பிட்டார்கள். நல்ல உயரம், இடுப்பில் கை.

"யாருடி அவ, இங்க கொட்டாய் போடச் சொன்னவ?"

"நான்தாங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"நீயா? ஏண்டிம்மா, நீ பொம்பளதானே? எங்க ஊரு ஆம்பளைங்க இந்தத் தெசையில தல வெச்சுக்கூடப் படுக்கமாட்டானுங்க. நீ வந்து வெளக்கு வெக்கிறியா வெளக்கு? நேத்திலேருந்து ஊரே வயித்தப் புடிச்சிக்கினு கெடக்குது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்றிகள் எதற்கு வந்தன என்பதும் உறைத்தது. பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அதற்குள் டாக்டரம்மா தலையை அள்ளி முடிந்துகொண்டே வந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் பூத்துவிட்டது. "வாங்க, வாங்க! எல்லாரும் வந்துட்டீங்களே. சொல்லுங்க, யாருக்கு என்ன உடம்புக்கு?"

பின்னாலிருந்த ஒரு கிழவி சொன்னாள்: "உடம்புக்கு ஒண்ணும் இல்ல தாயி. நீ நவுந்தா எல்லாம் சரியாப் பூடும்."

டாக்டரம்மா கிழவியைப் பார்த்தார். புதர்களைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். "ஞானம்..." என்றார். அண்டா என் கண் முன்னால் கொதித்தது.

பச்சையம்மா கிழக்கே பார்த்தாள். "வெளுத்துடப் போவுதுடி. பேசிக்கினு நிக்க நேரமில்ல. ஏம்மா, ரெண்டு பேரும் உள்ள போயி உக்காருங்க. அந்தத் துணிய இழுத்துக் கட்டிக்கோங்க. நான் சொல்றவரைக்கும் தல நீட்டக்கூடாது, ஆமா!"

மெட்ராஸில் படித்த டாக்டரும் நானும் இருட்டில் டெண்டுக்குள் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் கட்டில் ஆடுவது போலிருந்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். டாக்டரம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

5. மல்லாட்டைக் கொல்லை

பிறகு பச்சையம்மாவே வந்து துணியை விலக்கினாள். ஏரியில் கால் கழுவி வந்திருந்தாள். கோபம் பாதி போயிருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள இது காலியாவணும். நீங்க யாரு, எதுக்கு வந்தீங்க?"

டாக்டரம்மா சொன்னார். பெண்களுக்கு மட்டும் வைத்தியம், பிரசவம், பிள்ளை நிற்காமல் போவது, வெள்ளை படுவது, எல்லாம். பச்சையம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இத மணியக்காரர் வூட்டாண்ட போட்டா எவளும் வரமாட்டா. எங்கடி போற, எதுக்குடி போறன்னு வழியெல்லாம் கேப்பானுங்க. எங்க மல்லாட்டை ஆயுற கொல்லையாண்ட போடுங்க. தெருப் பொம்பளையும் அங்கதான் வருது, சேரிப் பொம்பளையும் அங்கதான் வருது. கூலிக்குப் போறாளுங்கன்னு நெனச்சிக்குவானுங்க, எவனும் கேக்கமாட்டான். ஏண்டி, நின்னுக்கினு என்னா பாக்கிறீங்க? ஜல்தி, ஆளுக்கு ஒண்ணு தூக்குங்க!"

மல்லாட்டைக் கொல்லை என்றால் வேர்க்கடலை வயல். முளையைப் பிடுங்கியதும் அவர்கள், டெண்டைச் சுருட்டியதும் அவர்கள். மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போன ஒரு சின்னப் பெண் பாதி வழியில் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. "எத்தனை மாசம்?" என்றார். அந்தப் பெண் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். வரப்பிலேயே முதல் கேஸ் பார்த்தாயிற்று. அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக, "எனக்கும் ஒண்ணு இருக்குதும்மா" என்றார்கள்.

ஆசீர்வாதம் அண்ணனை மறந்துவிட்டேனே. அவர் காலையில் வேப்பங்குச்சியோடு வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார். டெண்டைக் காணோம். "டாக்டரம்மா! டாக்டரம்மா!" என்று கூப்பிட்டுக்கொண்டே புதர் புதராகத் தேடியிருக்கிறார். எல்லாப் பெண்களும் விடிவதற்கு முன்பே வந்துவிடுவார்களா என்ன? நேரம் கழித்து வந்தவர்கள் சிலர் இருந்தார்கள். கையில் கிடைத்த கல்லோடு அவரை ரோடு வரைக்கும் விரட்டிவிட்டார்கள். மூச்சு வாங்க மல்லாட்டைக் கொல்லைக்கு வந்து சேர்ந்தார்.

"உனக்கு அந்த இடம் முன்னமே தெரியுமா ஆசீர்வாதம்?" என்றார் டாக்டரம்மா.

"சத்தியமாத் தெரியாதுங்கம்மா."

"அப்ப ஏன் அடுப்பை ரோட்டுல போட்ட?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. நேற்று அவருக்குக் குலுங்கிய மாதிரி இன்றைக்கு எனக்குத் தோள் குலுங்கியது.

அந்தக் கேம்ப்பில் பெண்கள் கூட்டம் தாங்கவில்லை. மருந்து தீர்ந்து, திண்டிவனத்துக்கு வண்டி அனுப்ப வேண்டியதாயிற்று. வண்டி திரும்பி வந்தபோது பெரியம்மாவும் அதில் வந்து இறங்கினார். கொல்லையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், "அடுத்த வருஷத்துக்கு இன்னொரு டெண்ட் வாங்கணும்" என்றார். அண்டாவுக்கு வேறு ஆள் போட்டார்கள்.

6. நான் கற்றுக்கொண்டது

அதன் பிறகு கண்டாச்சிபுரம், திருவெண்ணெய்நல்லூர் என்று எத்தனையோ ஊர்களில் நான்தான் இடம் பார்த்தேன். எப்படி என்று கேட்டால் சொல்கிறேன். ஊருக்குப் போனதும் பன்றி மேய்கிற பக்கம் போவேன். சின்னக் காலடிப் பாதையைப் பிடித்துப் போய், அது முடிகிற இடத்தில் ஒரு பாயை விரித்து, டெண்ட் முளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பொழுது சாய்ந்ததும் அந்த ஊர்ப் பச்சையம்மா ஒருத்தி வருவாள். "யாருடி நீ, புத்தி கெட்டவளே" என்று ஆரம்பிப்பாள். திட்டி முடித்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பெண்கள் எங்கே வருவார்களோ அந்த இடத்தில் விடுவாள். ஓர் ஊரிலும் தப்பியதில்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டியதும் இல்லை. என்னைப் போல் கூச்சக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? டாக்டரம்மாவே கிளம்பும்போது கேட்பார், "இன்னிக்கு எங்க போய்த் திட்டு வாங்கப் போற ஞானம்?"

ஆகவே கேம்ப் போகிற பெண்களே, இடத்தை நீங்கள் பார்க்காதீர்கள். அந்த ஊர்ப் பெண்களைப் பார்க்க விடுங்கள். அதற்குக் கொஞ்சம் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

அந்த ஊரின் பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த இடம் ஊருக்கு மேற்கா வடக்கா என்பதும் சந்தேகம். அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது விசாரித்துத் திருத்திக் கொடுத்தால் நல்லது. ஒன்று மட்டும், விசாரிக்கும்போது பெண்களிடம் விசாரியுங்கள். ஆண்களைக் கேட்டால், எங்கள் ஊரில் அப்படி ஓர் இடமே கிடையாது என்று அடித்துச் சொல்வார்கள்.