துதிக்கை உடைந்த யானை வீடு

என் கல்யாணத்தைக் கெடுத்தது என் சித்தப்பா. வேறு யாருமில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். காது கேட்காதவர் போல ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டார். அதனால் எழுதுகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

அப்பாவும் அவரும் ஒரே கப்பலில் ஜோகூருக்கு வந்தவர்கள். கோத்தா திங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இறங்கினார்கள். நான் அங்கேதான் பிறந்தேன். எனக்கு விவரம் தெரிவதற்குள் அப்பா காய்ச்சலில் போய்விட்டார், அம்மாவும் பின்னாலேயே. வளர்த்தது சித்தப்பா. சோறு குறைந்த நாட்களில் ஊரிலிருந்த எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லியே வயிற்றை நிரப்பப் பார்ப்பார். முற்றத்தில் கிணறு, அடுப்படிக்குப் பின்னால் பலாமரம், வாசல் நிலையில் செதுக்கிய இரண்டு யானைகள். தோட்டக் கூலிகளுக்குக் கட்டிய லயத்து அறையில் மழை ஒழுகும் இடத்துக்குச் சட்டியை நகர்த்திக்கொண்டே இதையெல்லாம் சொல்வார். நான் ஊரைப் பார்க்காதவன். அத்தனையும் நம்பினேன்.

அந்த வீடு எந்த ஊரில் என்று கேட்டால் மட்டும் கதை நழுவும். ஒரு நாள் ஆற்றங்கரை என்பார், மறுநாள் மலையடிவாரம். பெரியவனானதும் எங்கள் வம்சம் தெரிந்தவர்களை நானே தேட ஆரம்பித்தேன். கல்யாணமோ சாவோ எங்கே நடந்தாலும் போய் உட்கார்ந்து, உங்கள் தாத்தா யார், என் தாத்தாவைத் தெரியுமா என்று கேட்பேன். சாவு வீட்டில் இதைக் கேட்டு ஒரு முறை அடி வாங்கப் பார்த்தேன். ரப்பர் விலை விழுந்து பாதி லயம் ஊருக்குக் கப்பலேறியபோது, யானை நிலை வைத்த வீட்டைக் கண்டால் சொல்லியனுப்புங்கள் என்று போகிறவர்களிடமெல்லாம் கெஞ்சினேன். ஒருவரும் சொல்லியனுப்பவில்லை.

பிறகு மூவாரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா ஆற்றுத்துறைக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். நான் தோட்டத்து லாரி ஓட்டினேன். அது அவருக்குப் பிடித்தது. எனக்குப் பெண்ணைப் பிடித்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன், பணியாரத்தை எனக்கு மட்டும் மறுபடியும் வைத்தாள். வெற்றிலைத் தட்டு கைமாறும் நேரத்தில் அவள் அப்பா தன் ஊர் வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தார். குடும்பம் சிதறி, வீடு யாரிடம் இருக்கிறதென்றே இப்போது தெரியவில்லை என்றார். வாசல் நிலையில் இரண்டு யானை இருக்கும், ஒன்றுக்குத் துதிக்கை உடைந்திருக்கும் என்றார்.

என் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒடச்சதே நான்தான். அது நம்ம வீடாச்சே."

அந்த வீட்டுப் பங்காளிகளில் ஒரு பங்கு எப்போதோ நாடு விட்டுப் போனது பெண்ணின் அப்பாவுக்குத் தெரியும். அந்தப் பங்குதான் நாங்கள் என்று முடிவு கட்டினார். உங்கள் குலதெய்வம் எது என்று கேட்டார். சித்தப்பா முதலில் அவருடையது எது என்று கேட்டுக்கொண்டு, எங்களுக்கும் அதேதான் என்றார். வெற்றிலைத் தட்டு உள்ளே போய்விட்டது. பங்காளி வீட்டில் பெண் எடுப்பதும் கூடப்பிறந்தவளைக் கட்டுவதும் ஒன்றுதானே. வீடு கிடைத்தது, பெண் போயிற்று.

கொல்லையில் கை கழுவப் போனேன். அவள் செம்போடு நின்றாள்.

"ஒங்கள அண்ணேன்னு கூப்பிடச் சொல்றாங்க. கூப்பிடட்டா?"

"கூப்பிட்டுப் பாரு," என்றேன்.

கூப்பிடவில்லை.

சில மாதம் கழித்து அவர்கள் வீட்டில் ஒரு பெரியம்மா இறந்துபோனாள். பங்காளிகள் கருமாதிக்கு வந்து மயிர் எடுக்க வேண்டும் என்று ஆள் வந்தது. சித்தப்பாவின் மீசை தோட்டம் முழுக்கப் பேர் பெற்றது. கங்காணியே அதைப் பார்த்துத்தான் குரலைத் தணிப்பார். அது எங்கள் வீடில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மீசை பிழைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. மூவார் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தலையையும் மீசையையும் கொடுத்தார். உரித்த கோழி மாதிரி எழுந்து வந்தார். நான் தலையைக் கொடுக்க மறுத்துவிட்டேன். கொடுத்தால் நானும் பங்காளி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். என்னை எல்லோரும் காறித் துப்பாத குறை.

கருமாதிச் சாப்பாட்டில் மறுபடியும் வீட்டுப் பெருமை. இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்டேன். சின்ன வயதில் அந்த வீட்டுக்குப் போனால் அவருக்குப் புதுத் துணி கிடைக்குமாம். முதல் பந்தியில் அவருக்குத்தான் இலையாம். திரும்பும்போது முறுக்குப் பானையோடு வண்டி ஏற்றி விடுவார்களாம். சொந்த வீட்டிலிருந்து மனிதன் எங்கே திரும்புவான்? காது எங்கே குத்தினார்கள் என்று கேட்டேன். அந்த வீட்டுக் கூடத்தில்தான் என்றார். யார் மடியில் என்றேன்.

"வீட்டுக்குப் பெரியவரு மடியிலதான். வேற யாரு மடியில?"

பந்தியில் எல்லோர் கையும் இலையிலேயே நின்றது. காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைப்பவர் தாய்மாமன். அது சித்தப்பாவின் அப்பா வீடே இல்லை, அவருடைய அம்மா பிறந்த வீடு. நாங்கள் பங்காளிகள் இல்லை. அவள் எனக்குத் தங்கை இல்லை, முறைப்பெண்.

பெண்ணின் அப்பா சித்தப்பாவை உற்றுப் பார்த்தார். மீசை போனதில் பழைய முகம் தெரிந்ததோ என்னவோ.

"எங்கப்பா மடியில காது குத்தறப்ப ஒரு பய மூத்திரம் பேஞ்சான். எங்க அத்த மவன். அது நீதானாடா மச்சான்?"

சித்தப்பா பாயசம் கேட்டார்.

பெண்ணின் அப்பாவுக்கு இப்போது சம்மதம். ஆனால் ஊரறியப் பங்காளியாக மயிர் எடுத்த ஆள், அதை ஊரறிய மாற்றிச் சொல்ல வேண்டும் என்கிறார். இல்லாவிட்டால் மகளை அண்ணனுக்கே கட்டிக்கொடுத்தான் என்று பேசுவார்களாம். நியாயம்தான். சித்தப்பாதான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். திறந்தால், அப்படியானால் உங்கள் அப்பா வீடு எங்கே என்று அடுத்த கேள்வி வரும். நான் கேட்டேன். ஓலைக் குடிசை என்று முனகினார். மறுநாள் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். மீசை பாதி வளர்ந்துவிட்டது, கூடவே திமிரும்.

சித்தப்பா, குடிசையில் பிறந்ததற்கு இந்த லயத்தில் யார் சிரிக்கப் போகிறார்கள்? எல்லோரும் அங்கிருந்துதான் வந்தார்கள். மூத்திரத்துக்குச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆடியில் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் அன்று மூவார்க்காரர்களும் வருகிறார்கள். பந்தலில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்: யார் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டீர்கள்? அவர் உங்களுக்கு என்ன முறை?