மோட்டார் ரூமில் மூவர்ணம்

என் வாழ்க்கையில் கணக்கு ஒரே ஒரு தடவைதான் சரியாக வந்தது. அது எங்களைக் கெடுத்தது.

1991ஆம் வருஷம். ப்ளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் படப்பையிலிருந்து ஒரகடம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. வருஷத் தொடக்கத்தில், தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப் போவதாக நோட்டீஸ் வந்தது. எங்களுக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர். அதன் நடுவில் தாத்தா வெட்டிய கிணறு, பக்கத்திலேயே செங்கல் வைத்துக் கட்டிய மோட்டார் ரூம். கிணறு இருந்து, பயிரும் நடப்பில் இருந்தால் அந்தத் துண்டை மட்டும் விட்டுவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. முதலில் சொன்னது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அப்பா அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மற்றது போனால் போகட்டும், கிணற்றைச் சுற்றி ஒரு முப்பது சென்ட் நின்றால் கத்தரியோ கீரையோ போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்பார்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து, ஓட்டுக் கேட்க வந்த தலைவர் இறந்துபோனார். மறுநாள் கூட்டு ரோட்டில் நின்ற கட்சிக் கொடிக்கம்பங்களை யார் யாரோ வந்து வெட்டிச் சாய்த்தார்கள். அப்பா பயந்துகொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அல்லாக் கம்பத்தயும் சாச்சிட்டானுங்க. இஸ்கூல் கொடிக்கம்பத்த மட்டும் ஒருத்தனும் தொடல" என்றார்.

இதை ரெண்டு நாள் மனசுக்குள் போட்டு மென்றுகொண்டே இருந்தார். மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர் என்னிடம் கேட்டார்.

"அந்த இஸ்கூல் கொடில பச்ச இன்னாத்துக்கும்மா?"

"வளத்துக்குப்பா. பயிரு, மண்ணு, அதெல்லாம்."

"வெள்ள?"

"சத்தியம், சமாதானம்."

"மேல கீறது?"

"தியாகம்."

"பச்ச நம்மகிட்ட கீது. சத்தியமும் கீது. தியாகந்தான் வேணாம்னு பாக்கறேன்" என்று சிரித்தார். அந்த வருஷம் அவர் வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

நிலத்தைக் காப்பாற்ற ஊரில் எல்லோரும் செய்வது ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து வைப்பது. அப்பாவுக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. "புள்ளையார நகத்தி வெச்சிட்டு ரோடு போடறான். கொடி மேல கை வெப்பானா?" என்றார். துணிக் கொடியை நம் இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது, சுதந்திர தினம் மாதிரி நாளில்தான் ஏற்றலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் மோட்டார் ரூம் சுவரில் வரைவது என்று முடிவாயிற்று. வரைகிறவள் நான்.

பச்சையும் ஆரஞ்சும் படப்பைக் கடையில் வாங்கினோம். வெள்ளைக்குச் சுவரில் இருந்த சுண்ணாம்பே போதும். சக்கரத்துக்கு அம்மா துணிக்குப் போடுகிற சொட்டு நீலம். ரோட்டைப் பார்த்த சுவர் முழுக்க நூல் பிடித்து மூன்று பட்டை அடித்தேன். நடுவில் ஆணி அடித்து, கயிறு கட்டி வட்டம் போட்டேன். ஜாமெட்ரி பாக்ஸைத் தூசு தட்டி எடுத்து, பாகைமானியை வைத்துப் பதினைந்து பதினைந்து டிகிரியாக இருபத்து நான்கு கால் குறித்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. நீலம் வெளிறித் தெரிந்ததால் மூன்று தடவை ஓட்டினேன். இறங்கி வந்து ரோட்டிலிருந்து பார்த்தபோது, ஏதோ தாலுக்கா ஆபீஸ் சுவர் மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது. அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலையில் சர்வேயர் வந்தார். அன்றைக்குப் பார்த்து அப்பா மனு கொடுக்கப் போயிருந்தார். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கிலி பிடித்து அளந்து, நாலு மூலையிலும் கல் நட்டார்கள். பக்கத்துக் கொல்லையில் இருந்த மோட்டார் ரூமில் சிவப்புப் பெயிண்டால் நம்பர் எழுதினார்கள். எங்களுடையதுக்கு வந்ததும் பெயிண்ட் டப்பா வைத்திருந்தவன் சர்வேயரைத் திரும்பிப் பார்த்தான். சர்வேயர் சுவரை ஒருமுறை பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் நினைத்தது வேறு. அப்பா திரும்பி வரும் வரை பொறுக்காமல் பஸ் நிற்கிற இடத்துக்கே ஓடினேன்.

"நம்ம ரூமத் தொடலப்பா! நம்பர் கூட போடல!"

அப்பா அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது கண் சிவந்திருந்தது. அன்று வீட்டில் பாயசம் வைத்தோம்.

அடுத்த மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளிக்கூட அறை. மே மாதத்திலிருந்தே அந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் போலீஸ். அதிகாரி கெட்டவர் இல்லை, அப்பாவை உட்காரச் சொன்னார். ஃபைலைப் புரட்டிவிட்டு, "உங்க நிலத்துல ஆட்சேபணை என்ன?" என்று கேட்டார்.

"கெணறு கீதுங்க. பயிரு போட்டுக்கினு கீறோம். அந்த எடத்த மட்டும் வுட்டுடணும்."

"கிணறும் மோட்டார் அறையும் அரசாங்கத்துதுன்னு இதுல இருக்கே."

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"எங்கப்பா வெட்டனதுங்க அது."

"அப்புறம் எதுக்கு அரசாங்க அடையாளம் போட்டு வெச்சிருக்கீங்க? சர்வேயர் தெளிவா எழுதியிருக்கார். முறைப்படி தேசியக் கொடி வரைஞ்ச கட்டடம்னு."

"அது கொடிங்க. அல்லாருக்கும் பொதுதானுங்க."

"பொதுன்னா அரசாங்கத்துதுதானே பெரியவரே?"

அப்பா என் பக்கம் திரும்பினார். படித்தவள் ஏதாவது சொல்லட்டும் என்று. நான்தான் வரைந்தேன் என்றேன். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாப்பா, அந்தச் சக்கரத்த நான் நேர்லயே போய்ப் பாத்தேன். பெயிண்டர் போட்ட வேலை அது" என்றார். கொஞ்சம் கோணலாக வரைந்திருந்தால் நம்பியிருப்பார். நாலு கால் குறைந்திருந்தால் நம்பியிருப்பார். கணக்கில் நாற்பது மார்க்கைத் தாண்டாதவளுக்கு அன்றைக்குப் பார்த்து எல்லாம் பதினைந்து பதினைந்து டிகிரியாக விழுந்து தொலைத்திருந்தது.

கரண்டுக் கார்டைக் காட்டினோம். அதில் இருந்தது இறந்துபோன தாத்தாவின் பெயர். வாரிசுச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார். சுவரைச் சாதாரணமாக ஆக்கிவிட்டு மனு கொடுத்தால், மறுபடி ஆள் அனுப்பிப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

மறுநாள் காலையிலேயே அப்பா சுண்ணாம்பைக் கரைத்து மட்டையோடு கிளம்பினார். பச்சைப் பட்டையில் ஒரு முழம்கூட ஓட்டியிருக்க மாட்டார். சைக்கிளில் ரோந்து வந்த போலீஸ்காரர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"யோவ், இன்னா பண்ற? தேசியக் கொடி மேல சுண்ணாம்பு அடிக்கிறியா?"

"நாங்க வரஞ்சதுதாங்க சார்."

"யாரு வரஞ்சா இன்னா? ஊரே பத்திகினு கீது, நீ கொடிய அழிக்கிற. உள்ள தூக்கிப் போட்டா வெளிய வர மாட்ட."

தன் கண்ணெதிரிலேயே ஈரத் துணியால் சுண்ணாம்பைத் துடைக்க வைத்தார். அப்பா துடைத்தார். துணியைப் பிழிந்து பிழிந்து, பச்சை பளிச்சென்று தெரிகிற வரைக்கும் துடைத்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போலீஸ்காரர் மேல் பாதி, அப்பா மேல் பாதி. சொந்தச் சுவரை அழிக்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் நிற்கிற மனிதரைப் பார்த்துப் பரிதாபப்படக்கூட எனக்கு அன்று தோன்றவில்லை. போராடுங்கள் என்று கத்தினேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வாரிசுச் சான்றிதழ் கடைசி வரை வரவில்லை. அக்டோபரில் அடிக்கல் நாட்டு விழா வந்தது. அத்தனை நிலம் கிடக்க, எங்கள் மோட்டார் ரூம் எதிரில்தான் பந்தல் போட்டார்கள். போட்டோவுக்குப் பின்னால் மூவர்ணம் நன்றாக விழும் என்று எவனோ சொன்னானாம். ஊர்க்காரர்களுக்குக் கடைசி வரிசையில் நாற்காலி. அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வர வேண்டாம் என்று அம்மா சொல்லியும் கேட்கவில்லை.

மேடையில் பெரிய மனிதர் வந்து உட்கார்ந்தாயிற்று. கல், கரணை, மாலை எல்லாம் தயார். சிமென்ட் குழைக்கத் தண்ணீர் வைக்க மறந்துவிட்டார்கள். இன்ஜினியர் அங்குமிங்கும் ஓடிவிட்டு எங்கள் வரிசைக்கு வந்தார். யாரோ அப்பாவைக் காட்டினார்கள்.

"பெரியவரே, அந்த கவர்மெண்ட் மோட்டாரக் கொஞ்சம் போட்டு விடுங்களேன்."

அப்பா எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கையை எடுத்துவிட்டு நடந்தார். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து, பூட்டைத் திறந்து, ஸ்விட்சைப் போட்டார். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. இரண்டு பேர் வாளியில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பெரிய மனிதர் கரணையால் மூன்று தடவை சிமென்ட் வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்பா மோட்டாரை நிறுத்தி, கதவைப் பூட்டி, மேடை ஓரத்தில் நின்ற இன்ஜினியரிடம் வந்தார். போட வேண்டிய சண்டையை இப்போதாவது போடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"சாவிய யாருகிட்ட குடுக்கணும் சார்?"

இன்ஜினியர் அவசரத்தில் இருந்தார். சந்தனக் கிண்ணம் வைத்திருந்த மேஜையைக் காட்டி, "அங்க வைங்க" என்றார். அப்பா வைத்தார்.