பத்து நிமிடத்தில் தானாகத் திறக்கும்

என் மச்சான் தமிழ்மாறன் முதலியார்பேட்டை வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரில் இருக்கும் நாற்பது சர்வர்களை மேய்க்கிறவர். வீட்டிலிருந்தே வேலை, கொடுத்து வைத்தவர் என்று தெருவில் சொல்வார்கள். எனக்குக் கோபம்தான் வரும்.

அவருடைய அப்பா மில்லில் வேலை பார்த்தவர். சங்கு ஊதினால் வெளியே வந்துவிடுவார். மச்சானுக்குச் சங்கு கிடையாது. முன்பெல்லாம் நெட் போனால் வேலையும் நின்றுவிடும். தெருமுனைக்குப் போய் ஒரு டீ குடிக்கலாம். பிறகு டிமக்ஸ் என்று ஒன்றைக் கற்றுக்கொண்டார். இங்கே கரண்டு போனாலும் அங்கே கருப்புத் திரையில் ஓடுகிற வேலை அப்படியே ஓடும். விட்ட இடத்தில் திரும்பப் போய் ஒட்டிக்கொள்ளலாம். அதற்குப் போகும் வழியைப் போனிலும் ஏற்றிக்கொண்டார். அன்றோடு டீயும் போயிற்று. முடி வெட்டும் நாற்காலியில்கூடத் தட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் மகா கறார். சர்வருக்கு ஃபயர்வால் என்று ஒரு கதவு உண்டு. யார் உள்ளே வரலாம் என்பதை அதுதான் பார்க்கும். தூரத்திலிருந்து அதை மாற்றும்போது ஒரு வரி தப்பினாலும் மாற்றியவரே வெளியே நிற்க வேண்டியதுதான்.

"பூட்டறதுக்கு முன்னாடியே, பத்து நிமிஷத்துல தானா தொறந்துக்கற மாதிரி கட்டளை போட்டு வச்சிடணும் மாப்ள. அப்புறந்தான் பூட்டையே தொடணும்" என்பார். சாப்பிடுமுன் கை கழுவுகிற மாதிரி அவருக்கு அது.

போன தை மாதம் காலாப்பட்டுக் கோயிலில் என் மகளுக்குக் காதுகுத்து. ஒரே தாய்மாமன், அவர் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். பெயர் வைத்த அன்று அவர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததை என் மனைவி சரிதா மறக்கவில்லை.

"இந்தத் தடவ பாதியில எழுந்து போனா உன்ன தலமுழுகிடுவேன்ணா" என்று சொல்லியே வைத்திருந்தாள்.

பிள்ளை மடியில். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். போன் அடித்தது. முக்கியமான சர்வருக்குள் எவனோ நுழையப் பார்க்கிறானாம், உடனே கதவை இறுக்கு என்று உத்தரவு. மச்சான் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினார். திரை அப்படியே உறைந்துபோனது.

"என்னா மச்சான்?"

"என்னையும் சேத்துப் பூட்டிட்டேன். பத்து நிமிஷ கட்டளை போடல. இனி அங்க ஒரு ஆளு எழுந்து நேர்ல போய்த்தான் தொறக்கணும். ரெண்டு மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் என்னைக் கூப்பிட்டு ஒண்ணும் ஆவப்போறதில்ல."

வேலைக்கே உலை வைத்துக்கொண்டாரே என்று நினைத்தேன். அவரோ போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் பிள்ளையை நன்றாக அணைத்துக்கொண்டார். காது குத்தியதும் பிள்ளை வீறிட்டது, மாமனும் அழுதார். பிறகு பந்தியில் உட்கார்ந்து இரண்டு தரம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் நிதானமாகச் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.

கிளம்பும்போது பைக் அருகில் கேட்டேன். "நீங்க போயி எப்படி மறந்தீங்க?"

"மறக்கல" என்றார். "சரிதாகிட்ட சொல்லிடாதீங்க."

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மேசையில் இரண்டாவதாக ஒரு போன். கம்பெனி அனுப்பியதாம். இனி எந்தக் கதவு பூட்டிக்கொண்டாலும் அதன் வழியாக அவர் உள்ளே போய்விடலாமாம். யாரும் நேரில் போய்த் திறக்க வேண்டியதே இல்லையாம்.

"இனிமே நானே நெனச்சாலும் வெளிய நிக்க முடியாது மாப்ள" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.