பின்கதவுச் சாவி என் கைப்பையில் இருந்தது

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் ரவிக்கை தைக்கும் கடை நடத்துகிறேன். சரோஜா, மேரி என்று இரண்டு பெண்கள் என்னிடம் வேலை செய்கிறார்கள். ஒருமுறை திருடன் வந்ததிலிருந்து பின்படிக்கட்டுக்குத் திறக்கும் பின்கதவின் இரும்புக் கிரிலை எப்போதும் பூட்டியே வைத்திருந்தேன். சாவி என் கைப்பையில்தான் இருக்கும்.

தீபாவளி நெருங்கிய சமயம், லைனிங் துணி வாங்க கிள்ளானுக்குப் போயிருந்தேன். அங்கே இருக்கும்போது சரோஜா போன் செய்தாள்.

"அக்கா, கீழ்க்கடையில நெருப்பு! படிக்கட்டு முழுக்கப் புகை. பொம்பாவுக்குப் போன் பண்ணிட்டோம், இன்னும் வரல. பின்கதவு சாவி எங்கக்கா?"

"எங்கிட்டதான்மா இருக்கு" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

மேரி இருமுவதும், இருவரும் கிரிலைத் தட்டிக் கத்துவதும் போனில் கேட்டது. பின்சந்தில் லோரியை நிறுத்தியிருந்த ஒருவர் அந்தச் சத்தம் கேட்டு, இரும்புக் கம்பியோடு மேலே ஓடிவந்து பூட்டை உடைத்தார்.

"பயப்படாதீங்க லா ஆன்டி, ரெண்டு பேரும் கீழ வந்துட்டாங்க" என்று போனை வாங்கி அவரே என்னிடம் பேசினார். பொம்பாவின் தீயணைப்பு வண்டி அதற்குப் பிறகுதான் வந்தது.

துணிகளையும் தையல் இயந்திரங்களையும் காப்பாற்றத்தான் பூட்டியிருந்தேன். உள்ளே இருப்பவர்களை நினைத்துப் பார்க்கவே இல்லை.

இப்போது கிரிலில், உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை மூவரும் பின்படி வழியாக இறங்கிப் பழகுகிறோம். தாழ்ப்பாளைக் கண்ணை மூடிக்கொண்டுதான் திறக்க வேண்டும். புகையில் தன் கையே தனக்குத் தெரியவில்லை என்று சரோஜா சொன்னாள்.