பஸ் நிறைய மொட்டைகள்

காட்டில் மிருகம் பார்க்க ஜீப் பிடிப்பதா, பஸ்ஸில் போவதா என்று சத்தியவேடு வட்டாரத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்றைக்கு என்னுடைய மூன்று பஸ்கள் ஃபாக்டரிக்கு ஆள் ஏற்றுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதிக்கும் போகின்றன. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த போல்ட் லூஸ் என்று சொல்லிவிடுவேன். மெக்கானிக்குகளே அசந்து போவார்கள். பஸ்தான், வேறு பேச்சே வேண்டாம் என்பேன். ஏன் என்று கேட்டால், உயரத்தில் உட்கார்ந்தால் புதருக்கு அப்பாலும் தெரியும் என்று சொல்லிவைப்பேன். உண்மைக் காரணம் வேறு.

எனக்கு அப்போது ஆறு வயது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். விசா வந்தால் திருப்பதியில் எனக்கும் சேர்த்து மொட்டை போடுவதாக நைனா, அதாவது என் அப்பா, வேண்டிக்கொண்டிருந்தார். வந்தது, போட்டோம். மறுநாள் மதராஸில் அவருக்கு விமானம். மலையிறங்கிய கையோடு, பக்கத்துத் தேசியப் பூங்காவில் சிறுத்தை காட்டுவதாக மாமா எனக்கு ஆசை காட்டிவிட்டார். அம்மாவின் தம்பி அவர். ஆசை காட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பூங்கா வாசலில் ஒரு ஜீப்பும் ஒரு பழைய பஸ்ஸும் நின்றன. ஜீப்பில் மூன்று பேருக்குத்தான் இடமிருந்தது. அம்மாவோடு சேர்த்து நாங்கள் நான்கு பேர்.

“நீங்க மூணு பேரும் ஜீப்புல போங்க மாமா. சிறுத்த பக்கத்துலயே வரும். நான் இங்க டீ குடிச்சிக்கினு இருக்கறேன்” என்றார் மாமா, நைனாவிடம்.

“வேணாம்பா. எல்லாரும் பஸ்ஸுலயே போலாம்” என்றார் நைனா. “இன்னிக்கி ஒருத்தரயும் வுட்டுட்டுப் போறதா இல்ல.”

நான் தரையில் புரண்டு அழுதேன். சந்தனம் பூசிய தலையெல்லாம் மண். நைனா அப்படியே அள்ளிக் கொண்டுபோய் பஸ்ஸில் போட்டார்.

பஸ் முழுக்கத் திருமலையிலிருந்து இறங்கியவர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மொட்டை. எல்லா மொட்டையிலும் சந்தனம். ஆண்களுக்கெல்லாம் புது வெள்ளைச் சட்டை. முன்னால் நின்ற வழிகாட்டி தெலுங்கில் கத்துவார். இடப்பக்கம் மான் என்றால் இடப்பக்கம் ஓடுவேன். அதற்குள் வலப்பக்கம் மயில் என்பார். நான் போய்ச் சேரும்போது புதர் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

“குந்துடா ஒரு எடத்துல! இந்த பஸ்ஸுலயே பெரிய மிருகம் நீதான்டா” என்றாள் அம்மா.

நைனா சன்னல் பக்கமே திரும்பவில்லை. நான் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் வந்து காட்டைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்கு ஒரே எரிச்சல்.

அந்த ஜீப் எதிரே திரும்பி வந்தது. சிறுத்தையைப் பார்த்துவிட்டோம் என்று அதிலிருந்தவர்கள் கையை ஆட்டிக் கூவினார்கள். அவ்வளவுதான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பாய்ந்து போய் நைனா மடியில் ஏறி, காதைப் பிடித்துத் திருகினேன்.

“எறங்கு நைனா! ஜீப்புல போலாம். உன்னாலதான் சிறுத்த போச்சி!”

அந்த மொட்டை திரும்பியது. முன்பல் இரண்டு இல்லை.

“நேனு மீ நாயனா காதுரா” என்றார் அவர், காதைத் தடவிக்கொண்டே. உன் அப்பன் நானில்லையடா என்று தெலுங்கில் அவர் சொன்னதும் பஸ்ஸே குலுங்கியது.

மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். “ஒரு மொட்டைக்கே புள்ள உங்கள மறந்துட்டான் மாமா. நீங்க குவைத்துலேர்ந்து வர்றப்ப இன்னா பண்ணப் போறானோ!”

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. நைனா சிரிக்கவே இல்லை. எழுந்து வந்து, அந்த மனிதர் மடியிலிருந்து என்னைப் பிடுங்கித் தூக்கினார்.

“என் மூஞ்சியப் பாரு” என்றார்.

நான் சன்னலைப் பார்த்தேன். தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

“நல்லாப் பார்டா.”

முன்பின் தெரியாதவர் காதைத் திருகியதற்கு அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். கண்களை இறுக மூடிக்கொண்டேன். பஸ் பூங்கா வாசலுக்கு வந்து நிற்கும்வரை திறக்கவே இல்லை.