சாட்சிப் பொருளாக வந்த விரால்

ஐம்பதுகளின் கடைசியில் நான் சிங்கப்பூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். குடித்துவிட்டு ரோட்டில் புரண்டவன், லைசென்ஸ் இல்லாமல் கடலை விற்றவன் என்று தினமும் பத்துப் பேர் பேச்சை ஆங்கிலமாக்கிக் கொடுப்பேன். அந்த மகா சபை ஒருநாள் மீனுக்கு நீதி வழங்கக் கிளம்பியது.

கூண்டில் நின்றவர் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மீன் விற்பவர். ஐம்பது வயதிருக்கும். விராலை உயிரோடு செதில் சீவினார் என்பது வழக்கு. அவ்வழியே போன ஒரு வெள்ளைக்காரம்மா பார்த்துவிட்டுப் புகார் கொடுத்திருந்தார். மீன்காரரின் தொட்டியிலிருந்த இன்னொரு விராலைப் போலீஸ் சாட்சிப் பொருளாகக் கொண்டுவந்திருந்தது. மண்ணெண்ணெய் டின்னில் விளிம்புவரை தண்ணீர். மீன் துள்ளி விழக்கூடாதென்று மேலே இறுக்கிய மூடி, அதன்மேல் ஒரு செங்கல்.

மிருகவதைக் குற்றச்சாட்டு என்று நான் தமிழில் சொன்னதும் மீன்காரர் விழித்தார்.

“மீன் எப்படிங்க மிருகமாகும்?”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சட்டத்தில் அந்தச் சொல்லுக்குள் மீனும் அடங்கும் என்றார் மாஜிஸ்திரேட். உடனே மீன்காரரின் வக்கீல் எழுந்து அந்த அம்மாளிடம், “மீன் கத்தியதா?” என்று கேட்டார்.

“இல்லை. துடித்தது.”

“துடித்தால் அது வலிதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஒரு மணி நேரம் இதையே அரைத்தார்கள். மேசைக்கடியில் டின் மூடியை எதுவோ முட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சட்டம் படித்த எவருக்கும் அது காதில் விழவில்லை.

மீன்காரருக்கு விழுந்தது. “ஐயா, விராலு மேல வந்துதான் மூச்சு விடும். அந்த மூடியைத் தொறக்கச் சொல்லுங்க. செத்துரும்.”

சொன்னேன். வழக்குக்குச் சம்பந்தமில்லாத பேச்சு, அவருடைய முறை வரட்டும் என்றார் மாஜிஸ்திரேட். அதையும் ஒழுங்காகத் தமிழாக்கினேன். கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் டின் இருந்தது. நான் நீட்டவில்லை. இஸ்திரி போட்ட சட்டையும் சர்க்கார் சம்பளமுமாக மரியாதையாக நின்றேன்.

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு திறந்தபோது விரால் வயிற்றைக் காட்டி மிதந்தது. நாறுவதற்குள் அப்புறப்படுத்த அனுமதி கேட்டார் இன்ஸ்பெக்டர். அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் சட்டென்று கிடைத்த உத்தரவு அது ஒன்றுதான்.

பிறகு தீர்ப்பு. தேவையில்லாமல் வேதனை தந்தது குற்றம். முதல் தடவை என்பதால் எச்சரித்து விடுகிறோம். வாயில்லாச் சீவன்களிடம் காட்ட வேண்டிய கருணையைப் பற்றிக் கால்மணி நேரம் உபதேசம் வேறு. ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

“ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

மீன்காரர் காலியான டின்னைப் பார்த்தார். “நான் அரை நிமிசத்துல முடிச்சிருப்பேன். இவங்க காலையிலேருந்து கொன்னாங்களே, அதைக் கேளுங்க.”

“செய்ததற்கு வருந்துகிறேன் என்கிறார்” என்றேன் ஆங்கிலத்தில்.

மாஜிஸ்திரேட் திருப்தியாகத் தலையாட்டி அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.