உதவி மேசையும் ஒரு பௌர்ணமியும்

'உதவி மேசை' என்று பலகை வைத்து உட்கார்ந்து பாருங்கள். நம் ஊரில் முதலில் வருகிறவர் உதவி கேட்க வரமாட்டார், உதவி செய்யத்தான் வருவார்.

நான் திருவண்ணாமலையில் ஒரு பல்கலைக்கழகத்தின் முதுநிலை மையத்தில் தற்காலிக ஊழியர். உதவித்தொகை, கருத்தரங்கு, கோடைகால ஆய்வுப் பயிற்சி என்று வெளியில் என்னென்ன வாய்ப்புகள் இருக்கின்றன என்பதை மாணவர்களுக்குச் சொல்லி, விண்ணப்பிக்கவும் உதவுவது என் வேலை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். ஒரு படிவத்தை ஒன்பது முறை சரிபார்த்து அனுப்பிவிட்டு, அனுப்பிய பிறகு பத்தாவது முறை பார்க்கிற ரகம். வீட்டில் முதல் ஆளாகப் படித்துவிட்டு முழிக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மைய இயக்குநர் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "மூணு மாசம் பாப்போம்மா. ஒருத்தராவது வெளியில ஒரு வாய்ப்புக்குப் போனா மேசை இருக்கட்டும். இல்லன்னா அந்த இடத்துல வாட்டர் கேன் அடுக்கிக்கலாம்." மேசை போனால் நானும் போவேன் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

முதல் வாரம்

முதல் வாரம் என்னிடம் பதினோரு பேர் வந்தார்கள். நான்கு பேர் தேர்வுப் பிரிவுக்கு வழி கேட்டார்கள். மூன்று பேர் ஜெராக்ஸ் கடைக்கு. மற்றவர்கள் மேசையில் பையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். எனக்குத் தெரிந்தவரை பைகளை நன்றாகவே பார்த்துக்கொண்டேன்.

மாணவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. நான் படித்தபோது இப்படி ஒரு மேசை இருந்திருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். ஏதாவது கேட்டு, 'இதுகூடத் தெரியாதா' என்று சொல்லிவிட்டால்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலக உதவியாளர் ஜெயராமன் அண்ணன் ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, காலையிலருந்து தனியாவே குந்தினு கீற. உனக்கு எதனா உதவி வேணுமா?"

வாழ்த்துக் கடிதம்

இரண்டாவது வாரம் ஏழுமலை வந்தான். வரலாறு முதுகலை. சென்னையில் கல்வெட்டுப் படிக்கச் சொல்லித் தரும் ஒரு பத்து நாள் முகாமுக்கு முன்பே, தானாகவே, விண்ணப்பித்திருந்தானாம். பதிலே வரவில்லையாம். எனக்குச் சந்தோஷத்தில் கை பரபரத்தது. என் முதல் ஆள்! முகாமுக்கே போன் போட்டேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: தேர்வானதாக அவனுக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினார்கள், முகாமும் போன வாரமே முடிந்துவிட்டது.

ஏழுமலையின் போனை வாங்கிப் பார்த்தோம். குப்பைத் தொட்டியில் மூன்றும் பத்திரமாக இருந்தன. 'வாழ்த்துகள்! நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்' என்று தலைப்பு. ஏன்டா அழித்தாய் என்று கேட்டேன். அவன் கொஞ்சம்கூட வருத்தமில்லாமல் சொன்னான்: "நமக்கெல்லாம் யாரு மேடம் வாழ்த்து சொல்லப் போறாங்க? ஃப்ராடுனு நெனச்சி டெலீட் பண்ணிட்டேன்."

அனுபவம்: இல்லை

இரண்டாவது மாதத் தொடக்கத்தில் கோமதி வந்தாள். கணிதம், முதலாம் ஆண்டு. பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இரண்டு மாதக் கோடைப் பயிற்சி. கூட்டம், வரிசை, நெரிசல் ஆகியவற்றைக் கணிதமாகப் பார்க்கிற வேலை. படிவத்தில் 'முன் அனுபவம்' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தாள். லீவு நாளில் என்ன செய்வாய் என்று சும்மாதான் கேட்டேன்.

கீழ்பென்னாத்தூர் ரோட்டில், டவுனை ஒட்டி அவர்களுக்கு ஒரு கொல்லை, வேர்க்கடலை போடுகிற நிலம், இருக்கிறது. மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை வீட்டுக்குப் போனதும், அது பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறவர்களின் இருசக்கர வண்டி நிறுத்தமாகிவிடும். உள்ளே வண்டிகளை அடுக்குவது கோமதி. "வர்றவங்கள ஒண்ணே ஒண்ணு கேப்பேன்க்கா. சுத்திட்டுக் கெளம்பிடுவீங்களா, கோயிலுக்குள்ளயும் போவீங்களானு. சுத்திட்டுக் கெளம்பறவங்க வழிப்பக்கம். கோயிலுக்குப் போறவங்க உள்ள. சின்னப் புள்ளைங்களோட வந்தா, அவங்க இன்னா சொன்னாலும் நம்ப மாட்டேன். பாதியில திரும்பிடுவாங்க. அவங்களும் வழிப்பக்கம்."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இதைத்தானே பெங்களூர்க்காரர்கள் கேட்கிறார்கள்! கூட வந்த தோழி, 'நிகழ்ச்சி மேலாண்மை நிறுவனத்தில் பயிற்சி' என்று போடலாம் என்றாள். நான் ஒப்பவில்லை. பொய் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிற தைரியம் எனக்குக் கிடையாது. கடலைக் கொல்லை, பௌர்ணமி, வண்டி எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினோம். படித்துப் பார்த்த கோமதிக்கு முகம் சிவந்துவிட்டது. "அக்கா, வெள்ளாம நெலத்துல வண்டி வுடறத எல்லாமா பெங்களூருக்குச் சொல்லுவாங்க?"

கதவுக்கு வெளியே

படிவத்துடன் ஒரு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கணிதத் துறைத் தலைவரிடம் கேள் என்று அனுப்பினேன். முதல் நாள் அவர் அறைக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். ஏதோ எழுதிக்கொண்டிருந்தாராம். இரண்டாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். மூன்றாம் நாள் சும்மா இருந்தாராம். சும்மா இருக்கிறவரை எப்படித் தொந்தரவு செய்வது என்று வந்துவிட்டாள்.

நான்காம் நாள் நானே அழைத்துக்கொண்டு போனேன். கதவருகே போனதும் நானும் ஓரமாக நின்றுவிட்டேன். 'நீ கூப்பிடு', 'நீங்க கூப்பிடுங்கக்கா' என்று கால் மணி நேரம் நின்றோம். கடைசியில் அவரே எழுந்து வந்தார். கடிதத்தை அன்றே, அதுவும் இரண்டு பக்கத்துக்கு, எழுதித் தந்த நல்ல மனிதர். ஆனால் கதவைத் திறந்ததும் அவர் கேட்டது இதுதான்: "தெனம் ஒருத்தி நின்ன. இன்னிக்கி ரெண்டு பேரா நிக்கறீங்க. என்னம்மா, ஸ்ட்ரைக்கா?"

அனுப்புகிற பொத்தான்

எல்லாம் தயார். ஒன்பது முறை சரிபார்த்தாயிற்று. கோமதி, நீங்களே அனுப்புங்கக்கா என்று மவுஸை என்னிடம் தள்ளினாள். நான் அம்புக்குறியைப் பொத்தான்வரை கொண்டுபோய்விட்டு, திரும்பவும் அவளிடமே தள்ளினேன். தண்ணீர் பிடிக்க வந்த ஜெயராமன் அண்ணன் எட்டிப் பார்த்து, ஒரு விரலால் அமுக்கிவிட்டுப் போனார். "இதுக்கா ரெண்டு பேரு இவ்ளோ நேரம்? லிஃப்ட் பட்டன விட சின்னதா கீது."

அப்பா வந்தார்

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. காணொளியில், மூன்று மணிக்கு. தேதியைப் பார்த்ததும் கோமதி நாட்காட்டியைத் திருப்பி என்னிடம் காட்டினாள். பௌர்ணமி. அன்றைக்கு ஊரில் கூட்டம் நெருக்கியடித்து, போனில் ஒரு வணக்கம்கூடப் போகாது. அதற்கு வழி இருந்தது. மைய நூலகத்தில் கம்பி வழி இணைப்பு உண்டு. கொல்லைக்குத்தான் வழி இல்லை.

மறுநாள் அவள் அப்பா மேசைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நான் ரோட்டுல நின்னு வண்டியக் கூப்புடணும் மேடம். உள்ள அடுக்கறது யாரு?" எதையும் யோசிக்காமல் பேசாத நான், "நான் வர்றேங்க" என்றுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வண்டி ஓட்டத் தெரியுமா என்றார். தெரியாது, தள்ளத் தெரியும் என்று உண்மையைச் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டார். "தள்ளினா போதும். இன்டர்வியூவுக்கு வுடறேன். ஆனா ரெண்டு மாசம் அனுப்பறதப் பத்தி நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

பௌர்ணமி

கோமதி எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். முதல் இருபது வண்டிவரை நானும் கேள்வியைச் சரியாகக் கேட்டேன். அதற்குப் பிறகு வண்டிகள் வந்த வேகத்தில், 'வாங்க, வாங்க' என்று சொல்வதற்கே மூச்சு போதவில்லை. சுற்றிவிட்டுக் கிளம்புகிறவர்களை வேலியோரம் தள்ளினேன். கோயில் தரிசனத்துக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்தினேன். மாடு கட்டுகிற ஒரு முளைக்குச்சிக்கு டோக்கன் மாட்டியதாகவும் சொல்கிறார்கள், எனக்கு நினைவில்லை.

ஆறரை மணிக்கு, கிரிவலம் முடித்த முதல் கூட்டம் வந்தது. வழியை அடைத்து ஐம்பது வண்டி. அவற்றின் சொந்தக்காரர்கள் கோயில் வரிசையில். நானும் அவள் அப்பாவும் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தோம். வேலூர்க்காரர் ஒருவர், நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து வழிய, அரை மணி நேரம் காத்திருந்து வண்டியைப் பெற்றுக்கொண்டார். கோபமே இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "ஏம்மா, மலையச் சுத்திட்டு வந்தது ஈஸி. உங்கிட்டருந்து வண்டிய எடுக்கறதுதான் விரதம்."

ஏழு மணிக்கு

நேர்காணலில் அவள் முறை வரவே ஐந்து மணி ஆகிவிட, நெரிசலில் கடைசி மூன்று கிலோமீட்டர் நடந்தே வந்தாள் கோமதி. கொல்லையைப் பார்த்து ஒரு நொடி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு நேர்காணலைச் சொன்னாள். பாடக் கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் தெரியாமல் 'தெரியாது' என்று சொன்னாளாம். வண்டி நிறுத்தம் பற்றிக் கேட்டதும் பயம் போய்விட்டதாம். தாளில் கொல்லையை வரைந்து, யாரை எங்கே நிறுத்துவது, ஏன் என்று இருபது நிமிடம் பேசியிருக்கிறாள். நடுவில் இருந்த பேராசிரியை தமிழ் தெரிந்தவராம். எல்லாம் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாராம்: "போன பௌர்ணமிக்கு நான் திருவண்ணாமலை வந்து ரெண்டு மணி நேரம் வண்டி எடுக்க முடியாம நின்னேனே, அப்ப நீ எங்கம்மா இருந்த?"

மூன்றாவது மாதம், கடைசி வாரம்

தேர்வானதாகக் கடிதம் வந்தது. தலைப்பில் 'வாழ்த்துகள்'. கோமதி அழிக்கவில்லை, ஆனால் நிஜமா என்று கேட்க என்னிடம் ஓடி வந்தாள். இயக்குநர் அம்மா தானே மேசைக்கு வந்து கடிதத்தைப் படித்தார். இன்னொரு நாற்காலி போடச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அவள் அப்பா சொல்ல வேண்டுமே. மறுநாள் காலை வந்தார், கையில் ஒரு பை வேகவைத்த மல்லாட்டை. இந்த முறை அந்தப் புது நாற்காலியில் உட்கார்ந்தார். கோடையில் வருகிற இரண்டு பௌர்ணமியையும் விரல் விட்டு எண்ணினார். நான், "வேணும்னா அந்த ரெண்டுக்கும் நானே வர்றேங்க" என்றேன். அவர் பதறிப்போய் எழுந்தே விட்டார். "அய்யய்யோ, வேணாம் மேடம்! புள்ள போவட்டும், நான் சமாளிச்சிக்கறேன். நீங்க மட்டும் வந்துடாதீங்க!"

இந்த மூன்று மாதத்தில் என் வேலையைப் பற்றி எழுந்த புகார்கள் அனைத்தும் வண்டி நிறுத்தம் தொடர்பானவை மட்டுமே என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.